பெயரைத் தட்டினால் ஃபைல் வர வேண்டும்: கணினியில் லாஞ்சர் அமைக்க முழுமையான வழிகாட்டி

காலை பத்தரை மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து ஏஜென்ட் போன் செய்கிறார். "சார், 4471 ஆர்டருக்குத் திருத்தின பேக்கிங் லிஸ்ட் இன்னும் வரலையே, ஷிப்பிங் பில் போடணும்." திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீசில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் இந்தப் போன் புதிதில்லை. அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். டெஸ்க்டாப்பில் ஒட்டிக்கிடக்கும் எண்பது ஐகான் மேல் கண் ஓடும். அங்கே இல்லையென்றால் டவுன்லோட்ஸ், அப்புறம் மெயில், அதற்கப்புறம் வாட்ஸப். கடைசியில் பக்கத்து சீட்டைப் பார்த்து, "அக்கா, நேத்து நீங்க சேவ் பண்ணுனது எங்கீங்க?"

இந்தத் தேடலை நான் பல வருடம் செய்திருக்கிறேன். அதிலிருந்து என்னை மீட்டது இரண்டு இலவச மென்பொருளும், ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் பிடித்துக்கொண்ட ஓர் ஒழுங்கும். இரண்டில் பெயர்தான் பெரிது. லாஞ்சரை நிறுவப் பத்து நிமிடம் போதும். பெயர் சரியில்லாத கணினியில் அதை நிறுவினால் குப்பையைத்தான் வேகமாக எடுத்துக் கொடுக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பெயருக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஒரு குறிப்பு: கீழே தேடல் சொற்களையும் விசைகளையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

லாஞ்சர் என்பது என்ன

விசைப்பலகையில் இரண்டு விசையைச் சேர்த்துத் தட்டினால் திரை நடுவில் நீளமாக ஒரு பெட்டி வரும். வேண்டியதன் பெயரில் மூன்று நான்கு எழுத்து அடித்தால் கீழே பட்டியல் விழும். என்டர் தட்டினால் திறந்துவிடும். செயலி, ஃபைல், ஃபோல்டர், புக்மார்க் செய்து வைத்த இணையதளம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டிதான். மவுஸைத் தொட வேண்டியதில்லை, எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் என்று நினைவு வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

மேக் கணினிக்காரர்களுக்கு இது பழைய பழக்கம். குயிக்சில்வர் என்ற லாஞ்சர் 2003லேயே வந்தது. 2005ல் ஆப்பிள் தன் ஸ்பாட்லைட்டைக் கணினியோடேயே சேர்த்துக் கொடுத்தது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் தன் பவர்டாய்ஸ் தொகுப்பில் இதைச் சேர்த்தது 2020ல். அதற்கு முன்பிருந்தே வேறு பலர் எழுதிய லாஞ்சர்கள் உண்டு.

"ஸ்டார்ட் மெனுவிலேயே தேடலாமே?" என்று கேட்கலாம். தேடலாம். ஆனால் அது இணைய முடிவுகளையும் கலந்து காட்டும், அது அட்டவணை போட்டு வைத்திருக்கும் ஃபோல்டரைத் தாண்டித் தேடவும் தடுமாறும். ஆர்டர் ஃபைல் எல்லாம் டி டிரைவில் இருக்கிற நம் ஆபீசுக்கு அது போதவில்லை.

முதல் வேலை: ஒரு நாள், ஒரு நோட்டு

எதையும் நிறுவுவதற்கு முன் ஒரு வேலை நாள் முழுக்க, நீங்கள் திறப்பதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். செயலியா, ஃபைலா, ஃபோல்டரா, வெப்சைட்டா என்று மட்டும் பக்கத்தில் குறித்தால் போதும். நான் எழுதியபோது டேலி, எக்செல், கோரல், மெயில், ஜிஎஸ்டி தளம், இ-வே பில் தளம், நடப்பு ஆர்டர் ஃபோல்டர் ஆறு, நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் போகிற டிசி (டெலிவரி செலான்) ஃபைல் ஒன்று என்று ஒரு பக்கத்துக்குள்ளேயே முடிந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் இருந்த எண்பதில் மீதி எதையும் அன்றைக்கு நான் தொடவே இல்லை.

அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். லாஞ்சருக்கு எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு அதுதான் பட்டியல்.

அப்புறம் டெஸ்க்டாப்பைக் காலி செய்யுங்கள். எங்கள் பக்கம் வீட்டில் அட்டாலி இருக்கும். எடுத்தெறிய மனம் வராதது எல்லாம் அதில் ஏறிவிடும். டெஸ்க்டாப் அப்படி ஆகிவிட்டிருக்கும். ஒவ்வொன்றாக அலச உட்கார்ந்தால் வேலை முடியாது. டி டிரைவில் 'பழைய டெஸ்க்டாப்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அத்தனையையும் ஒட்டுக்கா அதற்குள் தள்ளிவிடுங்கள். எதையும் அழிக்கவில்லை, தேடினால் கிடைக்கும். அது போதும்.

இரண்டாவது வேலை: பெயர்

லாஞ்சர் உங்கள் மனதைப் படிப்பதில்லை. நீங்கள் அடிக்கும் எழுத்தைப் பெயரோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். அதனால் ஒரு ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த ஃபைலைக் கேட்டு யாராவது போன் செய்தால் என்ன சொல்லிக் கேட்பார்கள்? ஏஜென்ட் "4471 பேக்கிங் லிஸ்ட்" என்றுதான் கேட்டார். 'ஜூன் ஷிப்மென்ட் நியூ ஃபைனல்' என்று கேட்கவில்லை. ஆகவே பெயரிலும் 4471 இருக்க வேண்டும், பேக்கிங் லிஸ்ட் என்பதற்கு ஒரு குறி இருக்க வேண்டும்.

நாங்கள் வைத்திருக்கும் வரிசை இது: ஆர்டர் எண், ஆவணக் குறி, திருத்த எண். 4471-பிஎல்-ஆர்02 என்றால் 4471 ஆர்டரின் பேக்கிங் லிஸ்ட், இரண்டாவது திருத்தம். பர்ச்சேஸ் ஆர்டருக்கு பிஓ, டெக்பேக்குக்கு (உடையின் அளவும் விவரமும் உள்ள குறிப்பு) டிபி, இன்வாய்சுக்கு ஐஎன்வி, பிரின்ட் ஆர்ட்வொர்க்குக்கு ஏடபிள்யூ, ஜாப் ஒர்க் செலானுக்கு டிசி. இந்தக் குறிகளை ஒரு தாளில் அச்சடித்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டோம். ஆபீசில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஒரே குறியைப் போட வேண்டும். ஒருவர் ஐஎன்வி என்றும் இன்னொருவர் பில் என்றும் போட்டால் லாஞ்சருக்கு அவை இரண்டு வேறு சாதி.

திருத்த எண்ணை இரண்டு இலக்கத்தில் போடுங்கள். ஆர்2, ஆர்10 என்று வைத்தால், எழுத்து வரிசைப்படி அடுக்கும் இடங்களில் 10 முன்னால் வந்து நிற்கும். ஆர்02, ஆர்10 என்றால் சிக்கல் இல்லை. 'ஃபைனல்' என்ற சொல்லை மட்டும் பெயரில் போடவே வேண்டாம். பையர் மறுபடி ஒரு மெயில் போட்டால் அந்தச் சொல் பொய்யாகிவிடும்.

தேதி வேண்டுமென்றால் வருடத்தை முன்னால் போடுங்கள்: 2025-06-14. நாம் பேசுகிற மாதிரி 14-06-2025 என்று போட்டால் எல்லா மாதத்துப் பதினான்காம் தேதியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சாய்கோடு போட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். சாய்கோடு இரண்டு வகையும், கோலன், நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், கூர் அடைப்பு இரண்டும், நெடுங்கோடும் விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. பையர் கொடுத்த ஸ்டைல் எண்ணில் சாய்கோடு இருந்தால் அந்த இடத்தில் சிறு கோடு போடுங்கள், எல்லோரும் எப்போதும் அதே மாதிரி.

இன்னொரு தொந்தரவு நீளப் பெயர். பையர் அனுப்பும் ஜிப்பைப் பிரிக்கும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஏழெட்டு அடுக்கு இருக்கும், ஒவ்வொன்றின் பெயரும் ஒரு முழு வாக்கியம். டிரைவ் எழுத்தில் தொடங்கி ஃபைல் பெயர் வரை மொத்தம் 260 எழுத்து என்பது விண்டோஸின் வழக்கமான எல்லை. அதைத் தாண்டினால் சில செயலிகள் திறக்க மறுக்கும், நகலெடுப்பதும் பாதியில் நிற்கும். அப்படி வருகிற ஜிப்பை டி டிரைவின் மேல்மட்டத்திலேயே பிரித்து, வெளி ஃபோல்டருக்குச் சின்னப் பெயர் வைத்து, அப்புறம் இடம் மாற்றுங்கள்.

தமிழில் பெயர் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். யூனிகோடில் அடித்த தமிழ்ப் பெயரை நான் கீழே சொல்லும் இரண்டு மென்பொருளும் தேடும். இரண்டு எச்சரிக்கை உண்டு. பழைய பாமினி போன்ற எழுத்துருவில் அடித்துப் பழகியவர்கள் ஃபைல் பெயரையும் அப்படியே அடித்து வைத்திருந்தால், அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் கணினியில் இருக்கும். அதைத் தமிழில் தேடிப் பிடிக்க முடியாது, பெயரை மாற்றத்தான் வேண்டும். இரண்டாவது, 'கொ' போன்ற எழுத்து. கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்துச் சேர்த்தாலும், ஒரே குறியாக அடித்தாலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உள்ளே இரண்டும் வேறு. ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காமல் போகலாம். ஆபீசில் எல்லோரும் ஒரே தமிழ் விசைப்பலகை வைத்துக்கொண்டால் இந்த வம்பு இல்லை.

மூன்றாவது வேலை: எவ்ரிதிங்

லாஞ்சருக்கு முன்னால் இதை நிறுவுங்கள். வாய்ட்டூல்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் சின்ன மென்பொருள். ஃபைல் பெயரைத் தேடுவதில் விண்டோஸில் இதை மிஞ்சியதை நான் பார்க்கவில்லை.

இதற்கு ஏன் இத்தனை வேகம்? ஒரு தெருவில் குறிப்பிட்ட ஆள் இருக்கிறாரா என்று அறிய வீடு வீடாகக் கதவு தட்டலாம். வாக்காளர் பட்டியலை வாங்கிப் பார்க்கவும் செய்யலாம். என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டு ஒவ்வொன்றிலும் அப்படியொரு பட்டியல் இருக்கிறது; மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று பெயர். எவ்ரிதிங் அந்தப் பட்டியலையே படித்துவிடுகிறது. பத்து லட்சம் ஃபைல் இருந்தாலும் முதல் தடவை பட்டியலிட ஒரு நிமிடம்தான் ஆகும், அதற்குப் பிடிக்கும் நினைவகம் சுமார் 75 எம்பி. நான்கு ஜிபி ராம் உள்ள பழைய கணினியிலும் பாரம் தெரியாது.

நிறுவும்போது எவ்ரிதிங் சர்வீஸ் என்ற தேர்வை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் நிர்வாகி அனுமதி கேட்கும். விண்டோஸோடு சேர்ந்து தொடங்கும் தேர்வையும் டிக் செய்யுங்கள்.

ஆபீஸ் சர்வரில் இருக்கும் பொது ஃபோல்டர் தானாக வராது. அந்தப் பட்டியல் வேறு கணினியில் இருக்கிறதல்லவா? டூல்ஸ், ஆப்ஷன்ஸ், இன்டெக்ஸஸ், ஃபோல்டர்ஸ் என்று போய் அந்த ஃபோல்டரை நாமே சேர்க்க வேண்டும். எத்தனை மணிக்கு ஒரு தடவை மறுபடி படிக்க வேண்டும் என்பதையும் அங்கேயே வைக்கலாம். நாங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்திருக்கிறோம். சர்வரில் காலையில் போட்ட ஃபைல் அதற்கப்புறம்தான் தேடலில் தெரியும் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

தேடும் முறை எளிது. இரண்டு சொல்லுக்கு நடுவில் இடம் விட்டால் இரண்டும் இருக்கும் ஃபைல்தான் வரும். எது முன்னே எது பின்னே என்பது முக்கியமில்லை. வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஆச்சரியக்குறி. எக்செல் மட்டும் வேண்டுமென்றால் இ, எக்ஸ், டி என்ற மூன்று எழுத்தையும் அடித்து, கோலன் போட்டு, ஒட்டினாற்போல் அந்த வகையின் நீட்சியை (எக்செலுக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ்) அடியுங்கள். இன்று மாற்றிய ஃபைல் எல்லாம் வேண்டுமா? டி, எம், கோலன், டுடே. பெயர் மறந்துபோன ஃபைலை இந்த ஒன்றே பல தடவை பிடித்துக் கொடுத்திருக்கிறது. காலையில் வேலை செய்தது நினைவிருக்கும், என்ன பெயரில் சேவ் செய்தோம் என்பதுதான் மறந்திருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சர்வீஸாக ஓடும்போது எவ்ரிதிங் அந்தக் கணினியின் எல்லா ஃபைல் பெயரையும் யார் தேடினாலும் காட்டும். அனுமதி இல்லாதவரால் ஃபைலைத் திறக்க முடியாதுதான், ஆனால் பெயர் தெரிந்துவிடும். சம்பள ஃபைலும் வீட்டு விஷயமும் பொதுக் கணினியில் இருந்தால், எக்ஸ்க்ளூட் பகுதியில் அந்த ஃபோல்டரைச் சேர்த்து மறைத்துவிடுங்கள். பெயரிலேயே ஆளின் பெயரும் தொகையும் இருக்கும்படி சேவ் செய்யும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

நான்காவது வேலை: ஃப்ளோ லாஞ்சர்

வாக்ஸ் என்ற பழைய லாஞ்சரிலிருந்து கிளைத்தது இது. இலவசம், மூல நிரலும் திறந்தது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பைச் சொடுக்கி, வேறு எதையோ நிறுவிக்கொண்டு தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

நிறுவி முடித்ததும் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டினால் பெட்டி வரும். இந்த விசையை மாற்ற நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கன்ட்ரோல்-ஸ்பேஸ் எக்செலில் முழு நெடுவரிசையைத் தேர்ந்தெடுப்பது, ஷிஃப்ட்-ஸ்பேஸ் முழு வரிசையைத் தேர்ந்தெடுப்பது, விண்டோஸ்-ஸ்பேஸ் விசைப்பலகை மொழியை மாற்றுவது. பாதி நாள் எக்செலில் இருக்கிறவர்கள் ஆல்ட்-ஸ்பேஸையே விட்டுவைப்பது நல்லது. வேறு ஏதாவது செயலி ஏற்கெனவே ஆல்ட்-ஸ்பேஸைப் பிடித்து வைத்திருந்தால் அந்தச் செயலியில் மாற்றுங்கள்.

அடுத்து, தமிழில் அடிக்கிற நமக்கான அமைப்பு. சாயப்பட்டறைக்குத் தமிழில் கடிதம் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள், விசைப்பலகை தமிழ்99ல் இருக்கிறது. நடுவில் ஆல்ட்-ஸ்பேஸ் தட்டி டேலி என்று ஆங்கிலத்தில் அடிக்கப் போனால் தமிழ் எழுத்துகள் தாறுமாறாக விழும், ஒன்றும் கிடைக்காது. செட்டிங்ஸில் ஜெனரல் பகுதியில், பெட்டி திறக்கும்போது எப்போதும் ஆங்கிலத்தில் தொடங்கு என்ற தேர்வு இருக்கிறது. அதை ஆன் செய்தால் பெட்டி வரும்போது தற்காலிகமாக ஆங்கிலத்துக்கு மாறும். இதைக் கண்டுபிடிக்கும் வரை எனக்கு லாஞ்சரே வேண்டாம் என்றிருந்தது. கண்டுபிடித்த நாளில்தான் அது உண்மையில் பயன்பாட்டுக்கு வந்தது.

பிறகு ப்ளகின்ஸ் பகுதியில் எக்ஸ்ப்ளோரர் என்பதைத் திறங்கள். தேடுவதற்கு விண்டோஸ் அட்டவணையா, எவ்ரிதிங்கா என்று கேட்கும். எவ்ரிதிங்கைத் தேர்ந்தெடுங்கள். இப்போது இரண்டும் கைகோத்துவிட்டன: பெட்டி ஃப்ளோவுடையது, தேடும் கை எவ்ரிதிங்குடையது. விண்டோஸோடு தொடங்கும் தேர்வு ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே எக்ஸ்ப்ளோரர் பகுதியில் க்விக் ஆக்சஸ் என்று ஒன்று உண்டு. முதல் நாள் எழுதிய நோட்டை இப்போது எடுங்கள். அதிலிருக்கும் ஃபோல்டர்களை இங்கே சேர்க்கலாம். ஆர்டர் முடிந்து சரக்கு போனதும் அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். ஆறு ஏழுக்கு மேல் வைக்காதீர்கள். வெப்சைட்டுகளுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பிரவுசரில் நீங்கள் போட்ட புக்மார்க்கை ஃப்ளோ படிக்கும். ஜிஎஸ்டி, இ-வே பில், வங்கி ஆகியவற்றின் புக்மார்க் பெயரை மட்டும் சின்னதாக்கி, நீங்கள் வாயால் சொல்லும் பெயராக வையுங்கள். வங்கித் தளத்தை ஒவ்வொரு முறையும் தேடுபொறி வழியாகப் போகாமல் புக்மார்க் வழியாகவே திறப்பது பாதுகாப்பும்கூட.

நான் அதிகம் நம்பியிருக்கும் ஒரு வழி இது. டி டிரைவில் 'வழி' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஷார்ட்கட்டுகள் மட்டும்தான். அளவு அட்டவணை, நூல் ரேட், லேபிள் டெம்ப்ளேட், பெட்டி மார்க் என்று அடிக்கடி வேண்டியவற்றுக்கு ஷார்ட்கட் உண்டாக்கி, வாயில் வரும் பெயரை அப்படியே வைத்துவிடுவேன். உண்மையான ஃபைல் தன் இடத்தில் தன் பெயரில் இருக்கும். அதன் பெயரை மாற்ற முடியாதபோது, பையர் வைத்த பெயராக இருந்தால் மாற்றக் கூடாது என்பதால், இந்தச் செல்லப்பெயர் கைகொடுக்கும். ஒரே ஃபைலுக்கு இரண்டு மூன்று பெயரில்கூட ஷார்ட்கட் போடலாம்.

இனி 4471

போன் வந்துவிட்டது. ஆல்ட்-ஸ்பேஸ். 4471 என்று அடிக்கிறேன். ஆர்டர் ஃபோல்டர், பிஓ, டெக்பேக், இரண்டு ஆர்ட்வொர்க், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் வரிசையாக வருகின்றன. இடம் விட்டு பிஎல் என்று சேர்க்கிறேன். இரண்டே வரி மிஞ்சுகின்றன: ஆர்01, ஆர்02. கீழ் அம்பு ஒரு தட்டு, ஆர்02 மேல் நிற்கிறது. என்டர் தட்டினால் எக்செலில் திறக்கும். ஆனால் எனக்கு இப்போது திறக்க வேண்டாம், மெயிலில் இணைக்க வேண்டும். அதனால் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு என்டர். அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டர் திறக்கிறது. அங்கிருந்து மெயிலுக்கு இழுத்துப் போட்டால் முடிந்தது. வலது அம்பைத் தட்டினால் நகலெடு, பாதையை நகலெடு போன்ற மற்ற தேர்வுகளும் வரும்.

அதே பெட்டியில் கணக்கும் போடலாம். 1296 பீஸ், பெட்டிக்கு 24 என்றால் 1296/24 என்று அடித்த உடனே 54 என்று காட்டும். என்டர் தட்டினால் விடை நகலாகும். கால்குலேட்டரைத் தனியாகத் திறப்பதை நான் விட்டுவிட்டேன்.

இந்த 54 எனக்கு மறக்காத எண். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆர்டரில் முதலில் 1248 பீஸ், 52 பெட்டி. பையர் இரண்டு பெட்டி கூட்டிக் கேட்டார், 54 ஆனது. பேக்கிங் லிஸ்ட்டைத் திருத்தினோம். அனுப்பும்போது ஆல்ட்-ஸ்பேஸ் தட்டி, எண்ணை அடித்து, மேலே வந்ததை அப்படியே எடுத்து அனுப்பிவிட்டேன். மேலே வந்தது பழையது. ஃப்ளோ நாம் அடிக்கடி திறப்பதை நினைவில் வைத்து அதை முன்னால் காட்டும். ஒரு வாரம் முழுக்க நான் திறந்து திறந்து வேலை செய்தது பழைய ஃபைல். புதியதை ஒரு தடவைதான் திறந்திருந்தேன். தாளில் 52, லாரியில் 54. திருத்தி முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விட்டது. அந்த ஒரு நாள் ஆபீசில் எல்லோரும் பட்ட வெசனம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். புதுத் திருத்தம் சேவ் ஆன அந்த நிமிடமே முந்தையது அதே ஆர்டருக்குள் 'பழசு' என்ற ஃபோல்டருக்குப் போய்விட வேண்டும். எவ்ரிதிங்கின் எக்ஸ்க்ளூட் பகுதியில் அந்தப் பெயருள்ள ஃபோல்டர்களை விலக்கி வைத்திருக்கிறோம். அழிப்பதில்லை; வேண்டுமென்றால் எக்ஸ்ப்ளோரரில் நேராகப் போய் எடுக்கலாம். தேடலில் மட்டும் வராது. மேலே சொன்ன உதாரணத்தில் இரண்டு வரி மிஞ்சியது என்றேன் அல்லவா? இந்த வழக்கம் இருந்தால் ஒரே வரிதான் மிஞ்சும், அம்புக்கே வேலை இல்லை. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறதென்றால் இதைச் செய்யுங்கள்.

வேறு கணினி, வேறு லாஞ்சர்

புது மென்பொருள் நிறுவ ஆபீஸில் தடை என்றால் பவர்டாய்ஸைக் கேட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டே கொடுப்பதால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். அதில் பவர்டாய்ஸ் ரன் நல்ல லாஞ்சர். சமக்குறியில் தொடங்கினால் கணக்கு, கேள்விக்குறியில் தொடங்கினால் ஃபைல் தேடல் என்று முன்குறி வைத்துப் பிரித்திருக்கிறார்கள். ஃபைல் தேடலுக்கு விண்டோஸ் அட்டவணையைத்தான் நம்பும், அதனால் டி டிரைவை அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

மேக்கில் கமாண்ட்-ஸ்பேஸ் தட்டினால் ஸ்பாட்லைட் தயாராக இருக்கும்; முதலில் அதைப் பழகுங்கள், போதவில்லை என்றால் ஆல்ஃப்ரெட் அல்லது ரேகாஸ்ட். லினக்ஸில் கேடிஈ என்ற டெஸ்க்டாப் வகை இருந்தால் கேரன்னர் உள்ளேயே இருக்கிறது, மற்றவற்றுக்கு யூலாஞ்சர்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ல் நிறுத்திவிட்டது. அந்தக் கணினியிலும் இவை ஓடும்தான். என்றாலும் ஜிஎஸ்டி, வங்கி வேலை நடக்கும் கணினியை அப்படியே விட்டு வைக்க வேண்டாம்.

கம்பெனியில் எல்லோரும் லாஞ்சருக்கு மாற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் கணக்கு அக்கா இருபது வருடமாக டேலி பார்க்கிறவர். பெட்டியில் அடித்துத் தேடுவது அவருக்கு ஒட்டவில்லை. "எனக்கு நாலே நாலுதானுங்க தம்பி வேணும், அதுக்கு எதுக்கு இத்தனை?" என்றார். சரியான கேள்வி. அவர் சொன்ன நான்கையும் டாஸ்க்பாரில் வரிசையாகப் பின் செய்து கொடுத்தேன். விண்டோஸ் விசையோடு 1 தட்டினால் டேலி, 2 எக்செல், 3 மெயில், 4 பிரவுசர். விண்டோஸிலேயே இருக்கும் வசதி, எதையும் நிறுவவில்லை. கூடவே விண்டோஸ்-வி தட்டினால் வரும் நகல் பட்டியலையும் ஆன் செய்து, எங்கள் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணையும் டி-ஷர்ட்டுக்கான 6109 என்ற எச்எஸ்என் (சரக்கு வகை) குறியீட்டையும் அதில் பின் செய்து வைத்தோம். ஒரு நாளைக்கு இருபது தடவை அடித்தது இப்போது இரண்டு தட்டில் முடிகிறது.

சனிக்கிழமை

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். பொழுதோட ஆட்கள் பட்டுவாடாவுக்கு நிற்கும் நேரத்தில் ஆபீசில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தில் எவ்ரிதிங்கைத் திறந்து, டவுன்லோட்ஸ் என்று அடித்து, அதோடு ஒட்டி பின்சாய்கோடு போட்டு, இடம் விட்டு டி, எம், கோலன், திஸ்வீக் என்று அடிப்பேன். ஒரு வாரத்தில் இறங்கியது எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் எஃப்2 தட்டி ஆர்டர் எண்ணும் குறியும் வைத்து அதனதன் ஃபோல்டருக்கு அனுப்புவேன். வேண்டாதது குப்பைக்கு. இந்தத் தேடலை எவ்ரிதிங்கிலேயே கன்ட்ரோல்-டி தட்டி புக்மார்க்காக வைத்திருப்பதால் அடிக்கும் வேலையும் இல்லை.

அது முடிந்ததும் ஆர்டர் ஃபோல்டர் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன். லாஞ்சர் இருக்கும் ஃபைலைத்தான் எடுத்துக் கொடுக்கும். கணினியே போய்விட்டால் அந்த டிஸ்க்தான்.